கொக்கின் தலையில் ஓர் இருக்கை

வண்டி சாயப்போகிறது என்பது முதலில் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் தெரியாது. பிட்டத்துக்குத்தான் தெரியும். உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு பக்கம் லேசாகிவிடும். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து பக்கத்து ஆள் சத்தமில்லாமல் எழுந்து போனால் எப்படியிருக்கும், அப்படி. அந்த உணர்வை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

சரக்குப் பெட்டி தூக்கும் வண்டிகளைச் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. கப்பலில் வருமே பெரிய இரும்புப் பெட்டி, ஒரு குடும்பமே உள்ளே குடியிருக்கலாம், அதைத் தூக்கும் வண்டி. பெட்டியின் மேலே காலை அகட்டி நின்று, நான்கு மூலையையும் கவ்வி, வயிற்றுக்கடியில் தூக்கிக்கொண்டு நடக்கும். நெட்டைக் கால், ஒல்லி உடம்பு. பட்டறையில் எல்லோரும் அதைக் கொக்கு என்றுதான் சொல்வோம். கொக்கின் தலைதான் ஓட்டுநர் அறை. மூன்று மாடி உயரத்தில், ஒரு பக்கத்துக் கால்களுக்கு மேலே கண்ணாடிக் கூண்டாக உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரே ஒரு இருக்கை. அதுவும் வண்டி போகிற திசையைப் பார்த்து இருக்காது. குறுக்கே, எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களைப் பார்த்து இருக்கும். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் கழுத்தைத் திருப்பினால் போதும் என்பதற்காக அப்படி. சைக்கிள் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதுபோல என் ஆயுசில் பாதி அப்படியே போய்விட்டது.

புதிதாகச் செய்த வண்டிகளை ஓட்டிப் பார்ப்பது என் வேலை. காகிதத்தில் கோடாக இருக்கிறவரை எந்தக் கொக்கும் விழுந்ததில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். தாங்குமா, சாயுமா என்று அப்போது தெரிந்துவிடும். விழாமல் பிடிக்க இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த துணைக்கால்கள் மாட்டியிருப்பார்கள். அது தரையைத் தொட்டால் வண்டி தோற்றது என்று கணக்கு. வேகம் அதிகமானால் அதுவே முறிந்துபோவதும் உண்டு.

வண்டியை வடிவமைக்கிறவருக்குப் பட்டறையில் கோணம் என்று பெயர். எதைக் கேட்டாலும் "எந்தக் கோணத்துல கேக்கறீங்க?" என்பார். என்னைவிட வயதில் சின்னவர். என்னை அண்ணே என்பார், நான் சார் என்பேன். சோதனைத் திடலின் ஓரத்தில் ஒரு தகரக் குடில் உண்டு. அதற்குள் திரைகளுக்கு முன்னால் அவர். மேலே கூண்டில் நான். அவர் காதில் ஒரு கருவி, என் காதில் ஒரு கருவி. ஒவ்வொரு வளைவும் முடிந்ததும் கீழே இருப்பவர் மேலே இருப்பவனை விசாரிக்க வேண்டும், மேலே இருப்பவன் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த சுற்று. அது எங்கள் விதி.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

விதிக்காகத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் மனைவி போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வேறு ஆள் இல்லை. மகள் தூரத்தில் இருக்கிறாள். விடுமுறையில் போன் செய்வாள். "மாத்திரை போட்டியாப்பா" என்பாள். அது வேறு கேள்வி.

வளைவுக்கு அப்புறம் திடலில் நீண்ட நேர்வழி. அதில் மெதுவாகத் திரும்பி வரும்போது பேச்சு தானாக வளரும்.

"ஒரு ஆளுக்கு உலை வைக்கவே வரமாட்டேங்குது சார். கை தானா ரெண்டு பேருக்கு அள்ளிடுது."

"மிச்சத்தை ராத்திரிக்கு வச்சுக்க வேண்டியதுதானே?"

"வச்சுக்கறேன். ரெண்டு வேளையும் ஒரே மூஞ்சியைப் பாக்கற மாதிரி இருக்கு."

காதுக்குள் அவர் சிரிப்பது கேட்கும். "எனக்கு அந்தத் தொல்லையே இல்லண்ணே. நான் இன்னும் பாத்திரமே வாங்கல."

அவர் கல்யாணம் ஆகாதவர். ஒரு வாடகை அறை, கேன்டீன் சாப்பாடு. தன் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் தெரியும் என்றும், அந்தச் சுவரில் ஒரு விரிசல் வருஷத்துக்கு ஒரு விரல் வளர்கிறது என்றும், தனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும் என்றும் ஒருநாள் சொன்னார். இதையெல்லாம் அவர் வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், நேரில் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை கேன்டீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"இடம் இருக்கா?"

"இருக்கு சார்."

அவ்வளவுதான். அவர் உப்புக் கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிட்டார், நான் வாசலைப் பார்த்துச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து அவர் அவருடைய மூலைக்கும் நான் என்னுடைய மூலைக்கும் போய்விட்டோம். நடுவில் மூன்று மாடி உயரமும் ஒரு கண்ணாடியும் இருந்தால்தான் எங்களுக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது.

இந்தமுறை வந்த கொக்கு வேறு ரகம். சாயத் தொடங்கினால் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். வளைவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வேகத்தைப் பதமாகக் குறைத்து, பெட்டியை ஒரு முழம் இறக்கி, எல்லாவற்றையும் அதுவே செய்யும். ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தொட்டால், சரி நீயே பார்த்துக்கொள் என்று இயந்திரம் ஒதுங்கிவிடும். அதனால் இந்தச் சோதனையில் என் வேலை, சாயும்போது சும்மா இருப்பது.

சும்மா இருப்பதற்குக் கூலியா என்று வண்டிகளைப் பூட்டிப் பராமரிக்கும் ஃபிட்டருக்கு வயிறு எரிந்தது. "பெருசு, உனக்கு எங்கயோ மச்சம் இருக்கு" என்றான்.

முதல் ஓட்டம். வலப்பக்கம் வளைவு. வண்டி இடப்பக்கம், அதாவது நான் உட்கார்ந்திருக்கும் பக்கம் சாயத் தொடங்கியது. குறுக்கே உட்கார்ந்திருப்பதால் அது எனக்கு மல்லாக்க விழுவதுபோல இருக்கும். முதுகுக்குப் பின்னால் தரை. எதிரே கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள். திரையில் "கையை எடுக்கவும்" என்று எழுத்து வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றதே தலை நரைத்த பிறகுதான். அதைப் படித்து முடிப்பதற்குள் என் கை ஸ்டியரிங்கைப் பிடித்து வளைவை விட்டு வண்டியை வெளியே எடுத்திருந்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். கை போயிடுச்சு."

"பரவால்ல. இன்னொருக்கா."

இன்னொருமுறையும் போனது. மறுநாளும் போனது. திரையில் எழுத்து வேண்டாம் என்று சிவப்பு விளக்கு வைத்தார்கள். விளக்கைப் பார்த்ததும் இன்னும் சீக்கிரமாகப் போனது. இத்தனை வருஷம் எந்தக் கை என்னை உயிரோடு வைத்திருந்ததோ, அந்தக் கையைப் போய் நீ வேண்டாம் என்றால் அது எப்படிக் கேட்கும்?

அந்த வாரக் கடைசியில் ஃபிட்டர் கிரீஸ் டப்பாவோடு ஏணியடியில் உட்கார்ந்திருந்தான்.

"நீ பிடிக்கறது நல்லதுக்குத்தான் பெருசு. விட்டுட்டேன்னா தலையை எடுத்துடுவாங்க."

"யார் தலையை?"

"கொக்கு தலையை. அடுத்த வண்டிக்குப் படம் வந்திருக்கு, பாக்கல? மேல ஒண்ணுமே கிடையாது. முண்டம். ஓட்டறதுக்கு ஆளே வேணாமாம்."

"அப்ப எதுக்கு இப்ப என்னை உக்கார வச்சிருக்காங்க?"

"வாங்கறவங்க கேக்கறாங்களாம். மொதல்ல ஒரு மனுசன் உள்ள இருந்து, கையைக் கட்டிக்கிட்டு, உயிரோட இறங்கி வரட்டும், அப்புறம் நம்பறோம்னு. நீதான் அந்த மனுசன். கடைசி மனுசன்." அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து டப்பாவை மூடினான்.

அடுத்த ஓட்டத்தில், நேர்வழியில் வரும்போது நான் கேட்டேன்.

"அடுத்த வண்டியில தலை இல்லையாமே சார்."

குடிலில் மின்விசிறி சுற்றுவது காதுக்குள் கேட்டது.

"தலையில பாரம் இருந்தா யாருக்கும் ஆடத்தாண்ணே செய்யும். அந்த அறை, ஏணி, கண்ணாடி, எல்லாம் உச்சியில, அதுவும் ஒரு பக்கமா. அதை எடுத்தா வண்டி ரொம்ப அமைதியாயிடும்."

"நானும் அந்தப் பாரத்துல சேத்தியா?"

"உங்க எடையா? அது கணக்குலயே வராதுண்ணே." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "நான் அந்தக் கோணத்துல சொல்லல" என்றார்.

"தெரியும் சார்."

மிச்ச நேர்வழியை அன்றைக்கு வேகமாகவே ஓட்டி முடித்தேன்.

அதற்குப் பிறகும் கை போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் முன்புபோல அது தானாகப் போகிறதா, நான் போகவிடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கை பிடித்தால் இன்னொரு நாள் சோதனை. இன்னொரு நாள் சோதனை என்றால் இன்னொரு நாள் காதுக்குள் ஒரு குரல். கை போவதற்கும் இதை நினைப்பதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று யாராவது அளந்து சொன்னால்தான் உண்டு. அவரிடம் அளக்கும் கருவி இருந்தது. ஆனால் அவர் அளக்கவில்லை. ஒவ்வொருமுறையும் மேலாளருக்கு "காத்து" என்று காரணம் சொன்னார்.

"கொடியில துணி ஆடல, இவரு காத்துங்கறாரு" என்று ஃபிட்டர் முணுமுணுத்தான்.

கடைசியில் மேலாளரே திடலுக்கு வந்தார். நான் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, என் காதுபடவே கோணத்திடம் சொன்னார்.

"நாளைக்கு வாங்கறவங்க வராங்க. ஓடினா சரி. ஓடலைன்னா இந்தத் தானா நிமிர்ற வித்தையெல்லாம் மூட்டை கட்டிடலாம். பழைய மாதிரியே ஆள் ஓட்டற வண்டி செய்வோம். உங்களை டிரெய்லர் பிரிவுக்கு மாத்திடறேன். அங்க எதுவும் சாயாது."

கோணம் தலையை ஆட்டினார். இத்தனை வருஷம் அவர் வரைந்தது எல்லாம் இந்த வண்டிக்காகத்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்படியென்றால் கணக்கு எளிதுதான். நாளைக்கு நான் பிடித்தால் எனக்கு இருக்கை உண்டு, அவருக்கு வண்டி இல்லை. விட்டால் அவருக்கு வண்டி உண்டு, எனக்கு இருக்கை இல்லை. பிடித்துவிட்டுக் கைமேல் பழியைப் போட்டால் ஒருத்தரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் டிரெய்லர் பிரிவுக்குப் போய்விட்டால் குடிலில் வேறு யாரோதானே உட்காருவார்கள் என்ற எண்ணம், பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் வந்தது. நாம் நினைப்பதெல்லாம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

காலையில் உடைமாற்றும் அறையில் நெட்டையன் ஞாபகம் வந்தது. இந்தத் தொழிற்சாலைக்கு வருமுன் துறைமுகத்தில் என்னோடு கொக்கு ஓட்டியவன். நல்ல கைக்காரன். அவன் வண்டி தலை இருக்கிற பக்கமாகச் சாய்ந்தது. சாய்கிற கொக்கில் தரையில் முதலில் மோதுவது தலைதான். நாங்கள் ஓடிப் போனபோது அவன் கை ஸ்டியரிங்கை விட்டிருக்கவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவனும் என்னைப்போலத்தான் பிடித்திருப்பான். எனக்குக் கிடைத்த அரை நொடி அவனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏணியடியில் ஃபிட்டர் நின்றிருந்தான்.

"டேய், கையை இருக்கையோட சேத்துக் கட்டி விடறியா?"

"எதுக்கு? கட்டின கையோட நீ விழுந்தா போலீஸ்காரன் வந்து என் கையைக் கட்டுவான். போ பெருசு."

"விளையாட்டுக்குக் கேட்டேன்."

"உன் மூஞ்சில விளையாட்டே இல்லையே" என்றான். பிறகு என் தோளில் கிரீஸ் கையாலேயே ஒரு தட்டுத் தட்டினான். சட்டையில் அந்த ஐந்து விரல் கறை இன்னும் போகவில்லை.

மேலே ஏறி உட்கார்ந்தேன். வேலியோரத்தில் வாங்க வந்தவர்கள் மஞ்சள் தொப்பிகளோடு நின்றார்கள். அன்றைக்கு உண்மையாகவே காற்று அடித்தது. கண்ணாடி அதிர்ந்தது.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது சார்."

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. நான் வேற ஏதாவது சொல்லிக்கறேன்."

"என்ன சொல்வீங்க, காத்துன்னா?"

அவர் சிரிக்கவில்லை. "ஆமா" என்றார்.

அந்த ஆமாவுக்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியைக் கவ்வித் தூக்கினேன். வேகம் எடுத்தேன். வளைவுக்கு முன்னால் இருக்கிற வெள்ளைக் கோட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பி நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடமே போகாத நான், வாத்தியாருக்குப் பயந்த பையன்போல.

பிட்டம் சொல்லிவிட்டது. பக்கத்து ஆள் எழுந்து போய்விட்டான். முதுகு பின்னால் போயிற்று. எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களைப் பார்த்தேன். முன்னால் இருந்தது எழுந்தது, அடுத்தது எழுந்தது, எல்லாமே எழுந்தன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதன் நிழலுக்கும் நடுவே வெயில் புகுந்தது. தொடைக்கு அடியில் என் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல மடங்கி என் சதையையே பிடித்தன. விடு என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. வெயில் அகலமாகிக்கொண்டே போனது. இதற்கு மேல் அகலமானால் நெட்டையன்தான்.

அப்போது என் எதிரே ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. மெதுவாக, அவசரமே இல்லாமல், வீட்டில் யாரோ கதவைத் திறந்து பார்ப்பதுபோலத் திரும்பியது. பெட்டி வயிற்றுக்கடியில் கொஞ்சம் இறங்கியது. சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் நிழலில் போய் உட்கார்ந்தன. நான் செய்திருந்தால் வண்டி உலுக்கியிருக்கும். அது உலுக்கவில்லை. என்னைவிட நன்றாகச் செய்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், ரொம்ப நன்றாகச் செய்தது.

வண்டி நேர்வழிக்கு வந்து நின்றது. காதில் குடிலின் சத்தம் முழுக்கக் கேட்டது. கைதட்டினார்கள். நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. மேலாளர் யாரையோ பெயர் சொல்லி அழைத்தார். கோணத்தின் குரலும் கேட்டது, ஆனால் வேறு யாரிடமோ. துணைக்கால் தரையைத் தொடவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விதிப்படி அந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தேன். பிறகு கதவு திறக்கும் சத்தம், செருப்புச் சத்தம், அப்புறம் மின்விசிறி மட்டும்.

கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். மரத்துப்போயிருந்தது. ரத்தம் திரும்பும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைத்தேன்.

கீழே எல்லோரும் எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களைச் சுற்றி நின்றார்கள். நடுவில் அவர். அப்படி நிமிர்ந்து நின்று அவரை நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் "அண்ணே" என்று கையைத் தூக்கினார். அதற்குள் மஞ்சள் தொப்பி ஒருவர் ஏதோ கேட்க, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவருடைய நாள் அது.

மழைக்காலம் தொடங்கும்போது முண்டக் கொக்கு வந்துவிட்டது. படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. தலையில்லாமல் வளைவில் வழுக்கிக்கொண்டு போகிறது, சாய்வே தெரியவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. திடலில் சக்கரம் கழுவுவதும் கிரீஸ் அடிப்பதும் இப்போது என் வேலை. ஃபிட்டர் என்னை "அசிஸ்டென்ட்" என்று கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறான்.

போன வாரம் ஒரு மத்தியானம், நின்றிருந்த கொக்கின் சக்கரத்தை நான் கழுவிக்கொண்டிருந்தேன். குடிலிலிருந்து கோணம் கேன்டீனுக்கு நடந்து வந்தார். பாதித் திடலில் மழை பிடித்துக்கொண்டது. வேறு ஒதுங்க இடமில்லாமல் ஓடிவந்து கொக்கின் வயிற்றுக்கடியில் நின்றார். மேலே பெட்டி இருந்ததால் இரண்டு பேருக்கும் தாராளமாக இடம் இருந்தது. நான் குழாயை மூடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எதையோ சொல்ல வருவதுபோல வாயைத் திறந்தார். நானும் அவருக்கு ஏதாவது எடுத்துக்கொடுக்கலாம் என்று தேடினேன். சுவரின் விரிசல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.

"பலமா பெய்யுது" என்றார்.

"ஆமா சார்."

"விட்டுரும்."

"விட்டுரும் சார்."

இருவரும் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திடலின் வெள்ளைக் கோட்டின்மேல் மழை குதித்தது. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றினார். சொன்னதுபோலவே மழை சீக்கிரம் விட்டது. "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுக் குட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போனார். அவர் கேன்டீன் வாசலுக்குள் நுழைகிறவரை பார்த்துவிட்டு, மழையே பாதி கழுவியிருந்த சக்கரத்தை நான் மறுபடியும் கழுவ ஆரம்பித்தேன்.